பட்டினியைப் பாடமாக நடத்தாதீர்கள்



பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் விட்டுவிட்டு "அருமை சார்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள். இந்த ஒன்றை மட்டும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

போன மாதம் கோவில்பட்டியில் நம் வீட்டுக் கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலையில் என் தங்கை பேத்தி. பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறாள். அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று வழக்கம்போலக் கேட்டுவைத்தேன். "சினிமாவுக்கு எழுதப்போறேன் தாத்தா" என்றாள். எதிர் இலைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்ததும், "நடிக்க இல்ல, எழுத" என்று அவளே விளக்கம் சொன்னாள்.

இரண்டு பேர் பதில் சொன்னார்கள். ஒருவர் என் மச்சான். "நம்ம குடும்பத்துல சினிமாவுல யாரு இருக்கா? ஒரு லைட்மேனையாவது தெரியுமா? பேசாம பி.எட். போட்டுரு" என்று சிரித்தார். இன்னொருவன் என் பழைய மாணவன், இன்று நல்ல பதவியில் இருப்பவன். அவன் அவளுக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னான்: "போகட்டும் சார். சென்னையில ரெண்டு வருஷம் பட்டினி கிடந்து, பைப் தண்ணி குடிச்சாத்தான் கதையே வரும். பெரிய ஆளுங்க எல்லாரும் அப்படி வந்தவங்கதான்." பந்தியே தலையாட்டியது. பாயசம் வந்தது, பேச்சு மாறியது.

மச்சான்மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்குப் பயம், அதை மறைக்கச் சிரித்தார். என் சண்டை அந்த இரண்டாவது பேச்சோடுதான். அந்தப் பேச்சை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்பதால் இந்தப் பதிவை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முப்பத்து மூன்று வருட வேலையில் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் நான் ஒரே பேச்சைத்தான் பேசியிருக்கிறேன். அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜா போனார், வெள்ளாங்கோயிலிலிருந்து பாக்யராஜ் போனார், யார் துணையும் இல்லாமல் ஜெயித்தார்கள், திறமை இருந்தால் வாய்ப்பு தேடி வரும். கைதட்டல் வரும், நானும் மீசையைத் தடவிக்கொண்டு இறங்குவேன். ஜெயித்தவர்களை மட்டுமே எண்ணிவிட்டு அதற்குக் கணக்கு என்று பெயர் வைத்தேன். ஆயிரம் பேர் எழுதிய பரீட்சையில் பாஸானவன் ஒருவனைக் காட்டி "பரீட்சை சுலபம்" என்று ஒரு வாத்தியார் சொல்லலாமா? நான் சொன்னேன்.

அந்தப் பேச்சை நம்பிக் கிளம்பிய ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். நடந்ததை எழுதிக்கொள்ளுங்கள் என்று அவன் அனுமதி கொடுத்திருக்கிறான், பெயர் போட அல்ல. உங்களில் சிலர் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தாலும் கீழே எழுத வேண்டாம்.

நம் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டு விழா என்றால் கட்டபொம்மன் இல்லாமல் நடக்காது. பாஞ்சாலங்குறிச்சியும் கயத்தாறும் பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம். அவன் ஏழாம் வகுப்பில் கரிக்கட்டையில் மீசை வரைந்துகொண்டு ஜாக்சன் துரையோடு பேசினான் பாருங்கள், முன்வரிசையில் இருந்த கிழவர்கள் எழுந்துவிட்டார்கள். மேடையை விட்டு இறங்கி வந்தவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "சார், இந்தப் பேச்ச யாரு எழுதுனது?" சிவாஜிதான் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்த விஷயத்தில், எழுதியவன் என்று ஒருவன் இருப்பான் என்று அந்த வயதில் தோன்றியது அவனுக்கு. சக்தி கிருஷ்ணசாமி என்று சொன்னேன். முதலில் சிவாஜியின் நாடக மன்றத்துக்கு நாடகமாக எழுதி, பிறகு 1959இல் படத்துக்கும் அவரே வசனம் எழுதினார் என்றேன். அந்தப் பெயரை நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டான்.

அவன் எழுதிக்கொண்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வீட்டுப்பாடம் எழுத மாட்டான். "எழுதலையா?" என்றால், "சொல்லுறேன் சார்" என்று எழுந்து நின்று, பாடத்தைக் கதையாகவே சொல்லிவிடுவான். வகுப்பு வாயைப் பிளந்து கேட்கும், நானும் கேட்பேன். நோட்டில் ஒன்றும் இல்லாமலே மார்க் போட்டிருக்கிறேன். அதை அன்பு என்று நினைத்துச் செய்தேன்.

2003இல் அவன் சென்னைக்குப் பஸ் ஏறியபோது என் கையால் 1000 ரூபாயும் மேலே சொன்ன அதே பேச்சையும் கொடுத்து அனுப்பினேன்.

அங்கே நடந்ததைப் பின்னால் அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சாலிகிராமத்தில் ஓர் அறை. அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளர் கிடைத்துவிட்டார், கிடைக்கப்போகிறார் என்ற நிலையில் ஓர் இயக்குநர். சுற்றி ஆறேழு பையன்கள். இதற்குப் பெயர் டிஸ்கஷன். மத்தியானம் ஆரம்பித்தால் ராத்திரி பதினொன்று வரை போகும். ஆளுக்கொரு காட்சி சொல்ல வேண்டும். நன்றாக இருந்தால், "இதை வச்சுக்குவோம்" என்பார் இயக்குநர். ஒருவன் நோட்டில் குறிப்பான், அந்த நோட்டு இயக்குநரோடு போய்விடும். எந்தக் காட்சியை யார் சொன்னார் என்று அதில் பெயர் இருக்காது. சம்பளம் கிடையாது. டீ உண்டு, ராத்திரி பரோட்டா உண்டு, சில நாள் பஸ் காசும் உண்டு. கேட்டால் "கத்துக்கிறல்ல தம்பி" என்பார்கள். இப்படி மூன்று படங்களுக்கு உட்கார்ந்திருக்கிறான், மூன்றும் தொடங்கவே இல்லை. நாலாவது தொடங்கியபோது அறையில் வேறு பையன்கள் இருந்தார்கள்.

அந்த அறையில்தான் தன் சொந்தக் கதையையும் சொன்னான். கண்மாயில் தண்ணீர் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சி ஒருவரின் கதை. மழை பொய்த்த வருடம், ஊர்க்கூட்டம் போட்ட கட்டை மீறி ஒரு விதவையின் வயலுக்கு நடு ராத்திரியில் மடையைத் திறக்கிறார். விடிந்தால் அவரை ஊர் விசாரிக்க வேண்டும், விசாரிக்கும் கூட்டத்தில் அவர் மகனே உட்கார்ந்திருக்கிறான். அவன் தாத்தா நீர்ப்பாய்ச்சி. எனக்கு ஏழாம் வகுப்பிலேயே அந்தக் கதை தெரியும், துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறான்.

2009 பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தான். ஆள் பாதியாகிவிட்டான். இரண்டு பேரும் படத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். இடைவேளைக்குக் கொஞ்ச நேரம் முன்பு திரையில் ராத்திரி, கண்மாய், அரிக்கேன் விளக்கு, ஒரு கிழவர் மடைப்பலகையைத் தூக்குகிறார். தியேட்டரே அமைதியானது. என் பக்கத்தில் இருந்தவன் என் முழங்கையை ஒருமுறை பிடித்து விட்டான். அவ்வளவுதான். விளக்குப் போட்டதும் வெளியே போய் எனக்குக் கடலை வாங்கி வந்து கொடுத்தான்.

"இது உன்னோடதாடா?"

"நான் சொன்னது சார்."

"எழுதி வச்சிருக்கியா?"

"இல்ல சார். வாயாலதான் சொன்னேன்."

வாயாலதான் சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கு அவன் காலி நோட்டும் நான் போட்ட மார்க்கும்தான் ஞாபகம் வந்தது.

அந்த இயக்குநர் திருடினார் என்று நான் எழுதவில்லை. எனக்குத் தெரியாது. கண்மாயும் மடையும் நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் உண்டு, இன்னொருவனின் தாத்தாவும் ராத்திரியில் பலகை தூக்கியிருக்கலாம். ஆனால் தெரியாமல் போனதற்குக் காரணம் என்ன? இது என்னுடையது என்று காட்ட அவனிடம் ஒரு தாள் இல்லை. அது உன்னுடையது இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கும் வழியில்லை. அவனும் 2012இல் ஊருக்கே வந்துவிட்டான். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நாளெல்லாம் அடுத்தவர் எழுதியதைப் படி எடுத்துக் கொடுக்கிறான்.

இப்போது பந்தியில் பேசிய என் மாணவனுக்கு வருகிறேன். தம்பி, பட்டினி கதை தராது. பட்டினி தருவது வயிற்றுப்புண். பசித்தவன், யார் சோறு போடுகிறாரோ அவர் அறையில் போய் உட்காருவான், இருப்பதை எல்லாம் சொல்லிவிடுவான். அந்த அறைகள் நடப்பதே பசித்த பையன்களை வைத்துத்தான். "கஷ்டப்பட்டு வந்தேன்" என்று மேடையில் பேசுகிறவரைக் கேட்டுக் கண் கலங்குகிறோமே, அந்தக் கஷ்டத்தில் பாதி யாரோ ஒருவர் கொடுக்காமல் விட்ட கூலி என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. கொத்தனாருக்குக் கூலி கொடுக்காமல் "கட்டடம் கட்டக் கத்துக்கிறல்ல" என்று சொன்னால் ஊர் சும்மா விடுமா?

சரி, வந்தவர்கள் எல்லாருமே பட்டினி கிடந்துதான் வந்தார்களா? பாலச்சந்தர் சென்னையில் ஏஜி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர். அந்த நாடகங்களைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். 1964இல் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம், அடுத்த வருடம் 'நீர்க்குமிழி'. அதற்குள் அவர் கையில் மேடையேறி ஊரே பார்த்த நாடகங்கள் இருந்தன. யாரும் "அது நான் சொன்னது" என்று சொல்ல முடியாது. இந்தக் காலத்துக்கு வாருங்கள். கார்த்திக் சுப்புராஜ் மென்பொருள் வேலையில் இருந்தவர், லோகேஷ் கனகராஜ் வங்கியில் இருந்தவர். குறும்படம் எடுத்துக் காட்டித்தான் உள்ளே வந்தார்கள். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சிக்கு எடுத்த குறும்படம்தான் 2014இல் 'முண்டாசுப்பட்டி' என்று முழுப்படமானது. கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், தான் குண்டூரில் போலீசிடம் பட்டதை 'லாக்கப்' என்று புத்தகமாக எழுதினார். அவர் யார் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை, புத்தகம்தான் போய் நின்றது. அதுதான் வெற்றிமாறனின் 'விசாரணை'. பூமணி நம் கோவில்பட்டிக்காரர், அரசு வேலையில் இருந்துகொண்டு எழுதியவர். அவருடைய 'வெக்கை' பல வருடம் கழித்து 2019இல் 'அசுரன்' ஆனது. தமிழ்ச்செல்வன் எழுதிய 'வெயிலோடு போய்' சிறுகதை 2008இல் 'பூ' ஆனது.

இவர்கள் யாருக்கும் லைட்மேனைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, மச்சான். ஆனால் இவர்கள் எல்லாரிடமும் காட்டுவதற்கு ஒரு பொருள் இருந்தது. நாடகம், குறும்படம், புத்தகம். தெரிந்தவர்கள் இல்லாத பிள்ளைக்குப் போகும் வழி, அதன் கையில் இருக்கும் பொருள்தான்.

"சார், நீங்க வாத்தியார், உங்களுக்குத் தாள்தான் தெரியும். அங்க யாரும் படிக்க மாட்டான், கதை கேட்கிற ஊரு அது" என்று இந்தத் துறையில் இருக்கும் ஒரு மாணவன் போனில் சொன்னான். உண்மைதான். தயாரிப்பாளர் கேட்பார், கதாநாயகர் கேட்பார், இரண்டு மணி நேரம் நடித்துக் காட்டிச் சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் எழுதாதே என்று எவர் சொன்னார்? முழுத் திரைக்கதையையும் எழுதி முடி. காட்சி எண், இடம், பகலா இரவா, யார் என்ன செய்கிறார், என்ன பேசுகிறார். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொண்டால் நூறு, நூற்றிருபது பக்கம் வரும். எப்படி என்று தெரியாவிட்டால் சுஜாதா 'திரைக்கதை எழுதுவது எப்படி?' என்று தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார். எழுதி முடித்ததைப் பதிவு செய். அதற்கப்புறம் போய்ச் சொல். சொல்லிவிட்டு வந்த ராத்திரியே, "இன்று தங்களிடம் சொன்ன கதையின் சுருக்கம் இத்துடன், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பு. மரியாதையாகவும் இருக்கும், தேதியும் நிற்கும். இதைச் சொன்னதும் போனில் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் அப்படிச் செஞ்சதே இல்ல சார்" என்றான்.

பதிவு என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நிறையப் பேர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய நிமிடமே எழுதியவருக்கு உரிமை வந்துவிடும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சாட்சி. மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையவழியிலேயே பதியலாம். எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம் இருக்கிறது, அங்கே உறுப்பினராகியும் கதையைப் பதிந்து வைக்கலாம். 2018 தீபாவளிக்கு 'சர்கார்' வந்தபோது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? வருண் ராஜேந்திரன் என்ற உதவி இயக்குநர், தன் 'செங்கோல்' கதையை 2007இலேயே அந்தச் சங்கத்தில் பதிந்திருந்தார். புகார் கொடுத்தார். அப்போது சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ் இரண்டையும் பார்த்துவிட்டு, கரு ஒத்துப்போகிறது என்றார். இயக்குநர் முருகதாஸ், இது என் கதை என்று மறுத்தார். உயர் நீதிமன்றம் போய்ச் சமரசமாகி, படத்தில் வருணின் பெயருக்கு அங்கீகாரம் போட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. எதிரே இருந்தது சன் பிக்சர்ஸ், விஜய் படம். ஓர் உதவி இயக்குநர் பேசியதை நாடே கேட்டது எதனால்? பதினோரு வருடத்துக்கு முன்னால் பதிந்து வைத்த தாளால்.

இன்னொன்றும் கேளுங்கள். 1978இல் உச்ச நீதிமன்றத்தில் ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடக ஆசிரியரின் வழக்கு. அவர் நாடகத்தைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் 'நியூ டெல்லி' என்று இந்திப்படம் எடுத்தார்கள் என்பது புகார். ஆசிரியர் தோற்றார். கருவுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, அதைச் சொல்லியிருக்கும் விதத்துக்குத்தான் உரிமை என்பது தீர்ப்பின் சாரம். அதாவது "ராத்திரியில் மடை திறக்கும் கிழவர்" என்பது யாருடையதும் இல்லை. அவர் மகன் கூட்டத்தில் எந்தத் தூணோரம் உட்கார்ந்திருக்கிறான், அப்பாவைப் பார்த்து என்ன கேட்கிறான், அவர் பதில் சொல்லாமல் எதை எடுத்துத் துடைக்கிறார், அதெல்லாம் எழுதினால் உன்னுடையது. ஒரு வரிக் கதையை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் சிரிப்பார்கள். எவ்வளவு எழுதியிருக்கிறாயோ அவ்வளவுதான் உன் நிலம்.

இந்த வாய்க்கதைப் பழக்கம் ஆதியிலிருந்து இருந்ததும் இல்லை. 1937இல் 'அம்பிகாபதி'க்கு எழுதிய இளங்கோவன் பெயருக்கே மதிப்பு இருந்தது. 1952இல் 'பராசக்தி' வந்தபோது கலைஞரின் வசனத்துக்காகக் கூட்டம் போனது என்று என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வசனப் புத்தகங்கள் தியேட்டர் வாசலிலேயே விற்றன. சின்னப்பா தேவர் தன் கம்பெனியில் கதை இலாகா என்றே வைத்துச் சம்பளம் கொடுத்தார், டைட்டிலிலும் 'தேவர் பிலிம்ஸ் கதை இலாகா' என்று வரும். அப்புறம் கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் எல்லாம் ஒரே பெயரில் போடுவது பெருமை என்று ஆயிற்று. சிலருக்கு அது உண்மையான பெருமை, நாலையும் அவர்களே செய்தார்கள். மற்றவர்களுக்கு? அந்த நாலு வார்த்தைக்குள் எத்தனை பையன்கள் பரோட்டாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யார் எண்ணியது?

செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கே எழுதுகிறவன் எழுதுகிறான், இயக்குகிறவன் இயக்குகிறான். எம்.டி. வாசுதேவன் நாயர் திரைக்கதைக்காக மட்டும் 4 முறை தேசிய விருது வாங்கினார். அவர் திரைக்கதைகளைப் புத்தகமாக வாங்கி வாசிக்கிறார்கள். லோகிததாஸ் எழுதிய படம், ஷ்யாம் புஷ்கரன் எழுதிய படம் என்று ரசிகனே சொல்கிறான். மலை தாண்டி மழை வருகிறது, இந்தப் பழக்கம் மட்டும் வர மாட்டேன் என்கிறது.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. சாலிகிராமத்து அறையில் ராத்திரி பதினொரு மணிவரை உட்கார வேண்டும் என்றால் நானே என் தங்கை பேத்தியை அனுப்ப மாட்டேன். ஆக அந்த அறைதான் ஒரே வாசல் என்று சொல்லும்போது, பாதிப் பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம். எழுதின தாளுக்கு ஆண் பெண் இல்லை, ராத்திரி பகல் இல்லை. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007இலிருந்து திரைக்கதை எழுத்தாளர்களுக்குப் பட்டறை நடத்துகிறது. திரைக்கதையை அனுப்பி விண்ணப்பிக்க வேண்டும், சிபாரிசு வேண்டாம். 'லஞ்ச்பாக்ஸ்' அங்கே பட்டை தீட்டப்பட்டதுதான். தரமணியில் அரசுத் திரைப்பட நிறுவனத்தில் இயக்கமும் திரைக்கதையும் படிப்பாகவே இருக்கிறது. தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கேட்டு மயங்கியவர்கள் அங்கே ஒரு முறை போய் விசாரியுங்கள். வெற்றிமாறன் 2022இல் தொடங்கிய பன்னாட்டுத் திரை - பண்பாடு ஆய்வகத்தில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மறக்காமல் ஒன்று: "வாய்ப்பு வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கிறவன் யாராக இருந்தாலும், எத்தனை பேரோடு நின்று போட்டோ எடுத்து வைத்திருந்தாலும், திரும்பி நடங்கள். கதைக்கு அவர்கள்தான் நமக்குப் பணம் தர வேண்டும். நம் உறவிலேயே ஒரு வீட்டில் இதற்காகச் சங்கிலி அடகுக்குப் போயிருக்கிறது, அதற்கு மேல் எழுதினால் சண்டை வரும்.

வேலையில் இருந்துகொண்டு எழுதினால் ஜெயிக்கலாமா என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன். பழைய பொய்க்குப் பதிலாகப் புதுப் பொய் சொல்ல வரவில்லை. பெரும்பாலோருக்குக் கிடைக்காது. ஆனால் ஐந்து வருடம் கழித்து ஒரு வேலையும் மூன்று முழுத் திரைக்கதையும் கையில் இருப்பவன் தோற்றால், அவனிடம் வேலையும் மூன்று திரைக்கதையும் இருக்கும். என் மாணவனிடம் 2012இல் என்ன இருந்தது என்று நான் பார்த்தேன். ஒரு பை, அதில் இரண்டு சட்டை.

உங்களில் சினிமாவிலும் சீரியலிலும் இருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். உங்களிடம் நேராகவே கேட்கிறேன். உங்கள் டிஸ்கஷனில் உட்காரும் பையனுக்கு நாள் பேட்டா கொடுக்கிறீர்களா? குறிப்பு நோட்டில் காட்சிக்கு எதிரே சொன்னவன் பெயர் எழுதுகிறீர்களா? டைட்டிலில் ஓர் ஓரத்திலாவது கதை விவாதம் என்று போட்டு அவன் பெயரைப் போடுவீர்களா? "நாங்க வந்தப்ப எங்களுக்கு யாரு கொடுத்தா?" என்று கேட்காதீர்கள். உங்களுக்குக் கொடுக்காதது தப்பு என்றால் நீங்கள் கொடுக்காததும் தப்புதான். இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு, நான்தான் உங்களுக்கு நடத்தினேன்.

போன வாரம் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பந்தியில் நடந்ததைச் சொன்னேன். சிரித்தான். பிறகு கல்லாவுக்குக் கீழே குனிந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தான். நீர்ப்பாய்ச்சி கதை. காட்சி 1, வெளி, இரவு. பதினேழு காட்சி எழுதியிருக்கிறான். எழுத்து இன்னும் கோழி கிண்டியது மாதிரிதான் இருக்கிறது. மடை திறக்கும் காட்சியை மாற்றிவிட்டான். அது ஏற்கெனவே படத்தில் வந்துவிட்டதே என்று நான் கேட்கவில்லை, அவனே சொன்னான்: "பலகையத் தூக்குறத காட்டல சார். மறுநாள் அந்த வயல்ல தண்ணி நிக்கிறத மட்டும் காட்டுறேன்." எனக்கு அதுதான் மேலாகப் பட்டது. முதல் பக்கத்தின் மூலையில் சிவப்பு மையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் அவன் நோட்டில் நான் போட்ட முதல் கையெழுத்து.

வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காலை பத்து மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் உட்காரப்போகிறோம். அவன் வருகிறான், என் தங்கை பேத்தி வருகிறாள். அவள் அப்பாவும் கூட வருகிறாராம், வேவு பார்க்க. வரட்டும். மற்ற பிள்ளைகளும் வரலாம், வயது தடையில்லை. ஒரே நிபந்தனை: பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். "சொல்லுறேன் சார்" என்று எழுந்து நிற்பவரை இந்தத் தடவை வெளியே அனுப்பிவிடுவேன். படி எடுக்க வேண்டியதை அவன் கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம், காசு கொடுத்துத்தான்.

வருகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள். பால் எவ்வளவு வாங்குவது என்று வீட்டில் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.